நாற்பது நொடி கேட்ட பாட்டு

வேல்பாண்டி ராணுவத்தில் பதினேழு வருஷம் கிளார்க்காக இருந்தவர். அங்கே அவருக்குப் பேர் வாங்கித் தந்தது வேலை அல்ல, படக்கதை சொல்வதுதான். டிவி எடுக்காத மலை முகாம்களில், லீவு முடிந்து வந்த வேல்பாண்டியைச் சுற்றித் தமிழ்ப் பையன்கள் பத்துப் பதினைந்து பேர் உட்கார்ந்துவிடுவார்கள். ஊரில் பார்த்த படத்தைச் சண்டைக்காட்சியின் சத்தத்தோடு சொல்வார். அது தீர்ந்துபோனால் பார்க்காத படத்தையும் சொல்வார். ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டுச் சுவரில் பார்த்த போஸ்டர் ஒன்று போதும், மிச்சக் கதையை அவரே கட்டிவிடுவார். யாரும் போய்ச் சரிபார்க்கப் போவதில்லை.

ஓய்வுபெற்றபின் ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை போட்டார். மம்சாபுரத்திலிருந்து பைக்கில் போய்வருவார். கொரோனா சமயத்தில், முன்னாள் ராணுவத்தினர் வாட்ஸ்அப் குழுவில் பொழுதுபோகாமல் ஒரு படத்தைப் பற்றி இரண்டு நிமிஷம் பேசி அனுப்பினார். அதைக் கேட்டுச் சிரித்தவர்கள் அடுத்த வாரமும் பேசச் சொன்னார்கள். பிறகு தனிச் சேனல். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு, அந்த வாரம் பார்த்த படம், சீரியல், புதுப் பாட்டு எல்லாவற்றையும் பற்றி இரண்டு நிமிஷம். நாலாயிரம் பேருக்கு மேல் சேர்ந்துவிட்டார்கள்.

அவர் பேச்சில் ருசி இருந்தது என்பதை மறுக்க முடியாது. ஒரு பேய்ப் படத்தைப் பற்றி, "பேய்க்கு ரெண்டு மாசச் சம்பளம் பாக்கி போல, பயமுறுத்தவே மனசு வரல அதுக்கு" என்றார். எட்டு எபிசோடு ஓடிய ஒரு வெப் சீரிஸுக்கு, "மூணு எபிசோடு கதை நடக்கு, அஞ்சு எபிசோடு கார் போகுது." ஒரு பெரிய படத்தின் பாட்டுகள் வெளியானபோது, "ஒரே ஆளு ஆறு சட்டை மாத்திட்டு வந்து நிக்கான், அம்புட்டுதான்." செட்டியார்பட்டி டீக்கடையில்கூட இதையெல்லாம் சொல்லிச் சிரித்தார்கள்.

ஆனால் வாரத்துக்கு மூன்று படம், ஒரு சீரிஸ், பத்துப் பாட்டு என்று எவன் உட்கார்ந்து கேட்பான்? கடையில் கூட்டம் வேறு. வேல்பாண்டி மெல்ல மெல்லப் பழைய வழக்கத்துக்குப் போனார். முதல் அரை மணி நேரம் பார்ப்பார், சில நேரம் டிரெய்லர் மட்டும். மிச்சத்தை வாய் பார்த்துக்கொள்ளும்.

போன மார்கழிக்கு முந்தைய ஒரு ஞாயிறு. செட்டியார்பட்டியில் சொந்தக்காரர் வீட்டுக் காதுகுத்து. மனைவி வெங்கடேஸ்வரி பட்டுச்சேலை கட்டிக்கொண்டு பைக் பக்கத்தில் நின்றாள்.

"இன்னும் எம்புட்டு நேரம் ஆகும்? அங்க தாய்மாமன் சீர் தூக்கியாச்சாம்."

"செத்த நேரம் இரு. ரெண்டு நிமிஷந்தான்."

"உங்க ரெண்டு நிமிஷம் நாலு வருஷமா முடியாமக் கெடக்கு."

அந்த வாரம் இரண்டு படத்துக்கு மேல் அவரிடம் சரக்கு இல்லை. போனைத் தள்ளிக்கொண்டே போனபோது தெரியாத எண்ணிலிருந்து வந்த ஒரு குரல் செய்தியும் கீழே ஒரு லிங்க்கும் கண்ணில் பட்டன. செய்தியைத் தட்டினார். வயதான ஒருவரின் நிதானமான குரல். "நமஸ்காரம். நான் ஸ்ரீவில்லிபுத்தூர்லேர்ந்து ஹயக்ரீவன் பேசறேன். ஆறு பாட்டு கொண்ட ஒரு ஆல்பம் அனுப்பியிருக்கேன்..." செய்தி மூன்றரை நிமிஷம் என்று காட்டியது. வேல்பாண்டி அதை அங்கேயே நிறுத்திவிட்டு லிங்க்கைத் திறந்தார். தம்புரா. அவசரமே இல்லாத ஒரு பெண்குரல். நாற்பது நொடி கேட்டார். வாசலில் வெங்கடேஸ்வரி ஹாரனை அடித்தாள். நிறுத்திவிட்டுப் பேச ஆரம்பித்தார்.

இரண்டு படங்களையும் முடித்துவிட்டுச் சொன்னார்: "அடுத்தது ஒரு பக்தி ஆல்பம், நம்ம ஊர்க்காரவுக போட்டது. கொறை சொல்லக்கூடாதுதான், ஆனா சொல்லாம இருக்க முடியல. சுருதி இருக்கு, தாளம் இருக்கு, பாட்டுதான் இல்ல. ஃப்ரிட்ஜுல வச்ச மாவு கணக்கா, எம்புட்டு நேரம் காத்திருந்தாலும் பொங்க மாட்டேங்கு. ஆறு பாட்டையும் கேட்டு முடிக்கையில எனக்குப் புளிச்சே போச்சு."

அனுப்பிவிட்டு வெளியே வந்தார்.

"ஆறையும் எப்பக் கேட்டீய?" என்றாள் வெங்கடேஸ்வரி. சுவருக்கு இந்தப் பக்கம் எல்லாம் கேட்டிருக்கிறது.

"ஒரு பானைச் சோத்துக்கு ஒரு சோறு பதம்."

"நீங்க அந்த ஒரு சோத்தக்கூட வாயில வைக்கலியே."

அவர் சிரித்துக்கொண்டே பைக்கை எடுத்தார். காதுகுத்து வீட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் அங்கே நாலு பேர் அதைக் கேட்டு முடித்திருந்தார்கள். சோணைமுத்து, அவரோடு பட்டாளத்தில் இருந்தவர், பந்தியிலேயே கையை உயர்த்தி, "மாவு பொங்கிருச்சா ஏலே?" என்று கத்தினார். வேல்பாண்டிக்கு அன்று சாப்பாடு நன்றாக இறங்கியது.

பத்து நாள் கழித்து, ஒரு மதியம், கடையில் கூட்டம் குறைந்த நேரத்தில் ஓர் அம்மா வந்தார். ஐம்பத்தைந்து வயதிருக்கும். கைத்தறிச் சேலை, தோளில் துணிப்பை. சர்வீஸ் சம்பந்தமான காகிதங்களைக் கொடுத்து இரண்டிரண்டு காப்பி கேட்டார். வேல்பாண்டி இயந்திரத்தில் காகிதத்தை வைத்தபோது, "நீங்கதானே ஞாயித்துக்கெழமை பேசறவர்?" என்றார்.

"ஆமாம்மா." வேல்பாண்டிக்குச் சந்தோஷமாக இருந்தது. "கேப்பீயளா?"

"எங்காத்துல அண்ணா ஒரு வாரம் விடமாட்டார். நான் வஞ்சுளவல்லி. ஸ்கூல்ல மியூசிக் டீச்சர். நீங்க சொன்னேளே, அந்த ஆறு பாட்டு, அது நான் பாடினது."

வேல்பாண்டி இயந்திரத்தின் பச்சை விளக்கையே பார்த்தார்.

"தப்பா எடுத்துக்காதீங்கோ. சண்டை போட வரல," என்றார் டீச்சர். "அண்ணாதான் கேட்டுண்டு வரச் சொன்னார். எந்தெந்த எடத்துல சரியில்லைன்னு தெரிஞ்சா அடுத்த தடவை திருத்திக்கலாமோன்னோ." பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்து விரித்தார். ஒன்றிலிருந்து ஆறு வரை எண் போட்டு, ஒவ்வொன்றுக்கும் நாலு வரி இடம் விட்டிருந்தார். பேனாவைத் திறந்தார்.

அந்த நேரத்தில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லத்தான் வாயைத் திறந்தேன் என்று பிற்பாடு வெங்கடேஸ்வரியிடம் அவர் சொன்னார். ஆனால் வாய் பழகிய வழியில்தான் போனது.

"மொதப் பாட்டு ஆரம்பம் கொஞ்சம் ஸ்லோவா இருந்துச்சு டீச்சர்."

டீச்சர் எழுதிக்கொண்டார். "சரி."

"ரெண்டாவது பரவால்ல."

"மூணாவது?"

"மூணாவதுலதான்... குரல் மேல ஏறல. உச்சத்துல இழுக்கையில கொஞ்சம் தெணறுற மாதிரி இருந்துச்சு."

பேனா நின்றது. டீச்சர் நோட்டைப் பார்த்தார், அவரைப் பார்த்தார்.

"மூணாவதுல நான் பாடலியே," என்றார். "அது அண்ணாவோட வயலின் மட்டும்."

இயந்திரம் கடைசிக் காப்பியைத் தள்ளிவிட்டு அடங்கியது. வேல்பாண்டிக்குக் காது மடல் கொதித்தது. எதையாவது சொல்ல வேண்டும் என்று தேடினார். வேறு ஆல்பத்தோடு குழம்பிவிட்டது என்றுகூடச் சொல்லலாம். டீச்சர் அதற்கு இடம் கொடுக்கவில்லை. அவருக்காகத் தான் கூசியதுபோலப் பார்வையைக் கவுன்ட்டரில் வைத்துக்கொண்டு, மெதுவாகத்தான் கேட்டார்.

"கேக்கவே இல்லையா?"

இல்லை என்பதுபோல வேல்பாண்டி தலையை அசைத்தார்.

டீச்சர் நோட்டை மூடிப் பையில் வைத்தார். காகிதங்களை ஒழுங்காக அடுக்கினார். "கிளாஸ்ல பொண்ணுகள் போர்டுல 'பொங்காத மாவு'ன்னு எழுதி வைக்கறதுகள். அது போறது, கொழந்தைகள். அண்ணாதான், 'அவர் சொன்னா சரியாத்தான் இருக்கும், நமக்குத்தான் சாதகம் போறல'ன்னு சொல்லிட்டு வயலினை உறையில போட்டு மேல வச்சுட்டார். இப்போ நான் போய் அவர்ட்ட என்ன சொல்லட்டும்?"

காப்பிக்கான காசைக் கவுன்ட்டரில் வைத்துவிட்டு டீச்சர் போய்விட்டார்.

வேல்பாண்டி ஷட்டரை இறக்கினார். வீட்டுக்குப் போகப் பிடிக்கவில்லை. மம்சாபுரத்துக் கண்மாய்க்கரையில் பைக்கை நிறுத்தி, ஒரு புளியமரத்தடியில் உட்கார்ந்து, முதலில் அந்தக் குரல் செய்தியை முழுதாகக் கேட்டார்.

"...பாடினது என் தங்கை வஞ்சுளா. முப்பது வருஷம் கொழந்தைகளுக்குச் சொல்லிக் கொடுத்தா, தனக்குன்னு பாடினதில்லை. நான் போஸ்ட் ஆபீஸ்ல இருந்து ரிடையர் ஆனவன். கண்ணுல அழுத்தம் வந்து ஆறு வருஷமா பார்வை இல்லை. அதுக்கப்பறம் நான் பார்த்த சினிமா எல்லாம் நீங்க சொல்லித்தான். நீங்க சொல்றச்சே நேக்குப் படம் தெரியறது. பாட்டைக் கேட்டுட்டு, நன்னா இல்லைன்னாலும் அப்படியே சொல்லுங்கோ. உங்க வாயால ரெண்டு வார்த்தை வந்தா போறும்."

பிறகு ஆறு பாட்டையும் கேட்டார். முதல் பாட்டில் வெறும் இழுப்பு முடிந்து வரிகள் தொடங்கியதே நாற்பது நொடிக்குப் பிறகுதான். அந்தக் குரல் எங்கேயும் அவசரப்படாமல் ஏறி, ஏறிய இடத்தில் அசையாமல் நின்றது. நாலாவது பாட்டில் நிஜமாகவே ஓர் இடத்தில் குரல் இளைத்தது, ஐந்தாவது சாதாரணம். மூன்றாவதாக வந்த வயலின் ஏழு நிமிஷம். இசையில் ஆன்னா ஆவன்னா தெரியாத அவர் அதை இரண்டாம் முறையும் வைத்துக் கேட்டார். ஆடு ஓட்டிக்கொண்டு போன ஒருவர், "என்னண்ணே, அடுத்த வாரத்துக்கா?" என்று சிரித்துக்கொண்டு கேட்டபோது வேல்பாண்டி போனைக் கவிழ்த்து வைத்தார்.

வீட்டில் வெங்கடேஸ்வரி மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தாள். அவர் எல்லாவற்றையும் சொன்னார். அவள், "அன்னைக்கே சொன்னேனே" என்று குத்திக்காட்டவில்லை.

"போன் போட்டு மன்னிப்புக் கேட்டுருதேன்," என்றார்.

"போன்ல சொன்னா அதையும் ரெண்டு நிமிஷத்துல முடிச்சிருவீய. நேர்ல போங்க. அவிய மொகத்தப் பாத்துச் சொல்லுங்க."

மறுநாள் சாயங்காலம் திருமுக்குளத்துப் பக்கத்துத் தெருவில் விசாரித்துப் போனார். டீச்சர் கதவைத் திறந்து வழிவிட்டார். கூடத்தில் நாற்காலியில் ஒல்லியாக, நெற்றியில் திருமண்ணோடு, ஒரு பெரியவர். "வணக்கம் சார்" என்று வேல்பாண்டி சொன்ன உடனே அவர் எழுந்துவிட்டார்.

"வேல்பாண்டியா? கொரலைக் கேட்ட ஒடனே தெரிஞ்சுடுத்து. வாங்கோ, வாங்கோ. வஞ்சுளா, யார் வந்திருக்கார் பார்த்தியோ."

டீச்சர் அண்ணனிடம் எதுவும் சொல்லியிருக்கவில்லை என்று அப்போதுதான் வேல்பாண்டிக்குப் புரிந்தது. ஹயக்ரீவன் அவர் கையைத் தேடிப் பிடித்து உட்காரவைத்தார். "இந்த வாரம் என்ன படம்?" என்றார்.

"படத்தப் பத்திச் சொல்ல வரல சார். உங்க ஆல்பத்த நான் அன்னைக்குக் கேக்காமத்தான் பேசினேன். நாப்பது நொடி கேட்டேன். ஆறு பாட்டும் கேட்டதாப் பொய் சொல்லிட்டேன்."

பெரியவரின் கை அவர் கைமேல்தான் இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"இது மட்டுமா?" என்று கேட்டார்.

வேல்பாண்டிக்கு முதலில் புரியவில்லை.

"அந்தப் பேய்ப் படம், பார்த்தேளா?"

"டிரெய்லர் பாத்தேன் சார்."

"எட்டு எபிசோடு?"

"ரெண்டு பாத்தேன்."

"ஒரு போலீஸ்காரன் பென்ஷனுக்கு அலையற படம். நீங்க சொல்லி நான் அழுதேன்."

"அது முழுசாப் பாத்தேன் சார். சத்தியமா."

"லாரி ஓட்டப் போன தகப்பனாரைத் தேடிண்டு ஒரு பொண்ணு போவாளே. கடைசியில டோல்கேட்டுல கண்டுபிடிச்சு, ஒண்ணும் பேசாம ஒரு டீ வாங்கிக் கொடுத்துட்டுத் திரும்பிடுவா."

வேல்பாண்டி தரையைப் பார்த்தார். பார்வையில்லாதவர் முன்னாலும் தலையை நிமிர்த்த முடியவில்லை.

"இன்டர்வெல் வரைக்குந்தான் பாத்தேன். அந்த டீ நானாச் சொன்னது."

"அப்போ நிஜ முடிவு என்ன?"

"தெரியாது சார். இன்னும் பாக்கல."

ஹயக்ரீவன் நாற்காலியின் கைப்பிடியைத் தடவிக்கொண்டிருந்தார். தெருவில் ஓர் ஆட்டோ பின்வாங்கிப் போகும் சத்தம் கேட்டது. "அந்த டீயை நான் எத்தனை பேர்ட்டச் சொல்லியிருக்கேன்," என்றார் கடைசியில், வேறு யாரிடமோ சொல்வதுபோல. "என்னைப் பாக்க வரவா எல்லார்ட்டயும். என்ன படம் எடுத்திருக்கான் பாரு, என்ன படம் எடுத்திருக்கான் பாருன்னு." பிறகு உள்பக்கம் முகத்தைத் திருப்பி, "வஞ்சுளா, அவருக்குக் காபி கொடு" என்றார்.

டீச்சர் வெள்ளி டம்ளரில் காபி கொண்டுவந்து வைத்தார். திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டு வந்திருக்கலாம். அந்தக் காபியைக் குடிப்பதுதான் பெரும்பாடாக இருந்தது. விடைபெறும்போது பெரியவர், "ஜாக்கிரதையாப் போங்கோ" என்றார், அவ்வளவுதான்.

அந்த ஞாயிறு பத்து மணிக்கு வேல்பாண்டி சேனலில் பேசினார். ஆல்பத்தைக் கேட்காமல் பேசியது, படங்களைப் பார்க்காமல் பேசியது, எல்லாவற்றையும் சொன்னார். அந்த ஆறு பாட்டைக் கேளுங்கள் என்றும் சொன்னார். அவர் எதிர்பார்த்தது திட்டு. வந்ததோ சிரிப்பு. புதுவிதமாகக் கலாய்க்கிறார் என்று நினைத்துவிட்டார்கள். சிரிக்கும் பொம்மைகளோடு அது ஊர் ஊராகப் போனது. சோணைமுத்து போன் போட்டு, "இதுதான்லே உன்னோட பெஸ்ட்டு. அதுவும் அந்தத் தழுதழுத்த குரல்ல பேசுன பாரு" என்றார். வேல்பாண்டி நிஜம் என்று விளக்கப் பார்த்தார். விளக்க விளக்க மறுமுனையில் சிரிப்பு அதிகமானது. போனை வைத்துவிட்டுச் சேனலை மூடினார்.

அதன்பிறகு கடைக்கு வருகிறவர்கள் "அண்ணே, எந்தப் படம் பாக்கலாம்?" என்று கேட்டால் "தெரியாதுப்பா" என்பார். கேட்பவர்கள் அதற்கும் சிரிப்பார்கள். வஞ்சுளவல்லி டீச்சரைத் தெருவில் தூரத்தில் கண்டால் பைக்கைத் திருப்பி வேறு தெரு வழியாகப் போவார். பாட்டுகளை எத்தனை பேர் கேட்டிருக்கிறார்கள் என்று தினமும் திறந்து பார்ப்பார். அந்த எண்ணிக்கை ஏறத்தான் செய்தது, ஆனால் கீழே பாதிப் பேர் மாவைப் பற்றித்தான் எழுதியிருந்தார்கள். அதை அவரால் அழிக்க முடியாது.

தை பிறந்து இரண்டு வாரம் கழித்து டீச்சரிடமிருந்து போன் வந்தது.

"ஞாயித்துக்கெழமை மத்தியானம் வர முடியுமான்னு அண்ணா கேக்கறார்."

"எதுக்கு டீச்சர்?"

"படம் பாக்க."

போனார். ஹயக்ரீவனின் முகத்தில் பழைய மலர்ச்சி இல்லை, கோபமும் இல்லை. டிவிக்கு முன்னால் இரண்டு நாற்காலி போட்டிருந்தது. "லாரிப் படம் வேண்டாம். அது நேக்கு முடிஞ்சுடுத்து," என்றார். "வேற எதாவது போடுங்கோ. மொதல்லேர்ந்து கடைசி வரை. பேசறது நேக்குக் கேக்கும். பேசாத எடத்துல என்ன தெரியறதுன்னு மட்டும் சொல்லுங்கோ. நன்னாருக்கு, நன்னால்லைன்னு நீங்க சொல்ல வேண்டாம்."

டீச்சர் ஒரு குடும்பப் படத்தைப் போட்டுவிட்டு உள்ளே போனார். வேல்பாண்டி சொல்ல ஆரம்பித்தார். பழக்கத்தில், "வீடு ஜெகஜ்ஜோதியா மின்னுது சார்" என்றார்.

"நிஜமாவா?"

அவர் மறுபடி பார்த்தார். "இல்ல சார். ஒரு டியூப்லைட்டுதான் எரியுது. அதுவும் விட்டு விட்டு."

"ம்."

கொஞ்சம் போனது. வசனம் நின்றது. "அந்தம்மா அழுதுட்டு நிக்கா சார்."

"நிஜமாத்தானே சொல்றேள்?"

கேள்வியில் கிண்டல் இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். வேல்பாண்டிக்குக் காது மறுபடியும் சுட்டது. குனிந்து, டிவிக்கு இன்னும் பக்கத்தில் போய், அந்த முகத்தைப் பார்த்தார். அழவில்லை. உதட்டை மடித்துக் கடித்துக்கொண்டு, கையிலிருந்த தட்டைச் சேலையில் துடைத்துக்கொண்டிருந்தாள்.

இப்போது மாதத்தில் இரண்டு ஞாயிறு போகிறார். ஒரு படத்துக்கு எப்படியும் பத்துப் பதினைந்து தடவை அந்தக் கேள்வி வந்துவிடும். டீச்சர் காபி கொண்டுவரும்போது அது காதில் விழுந்தால் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போய்விடுவார். வேல்பாண்டி ஒவ்வொரு தடவையும் திரையைத் திரும்ப ஒருமுறை பார்த்துவிட்டுத்தான், "நிஜந்தான் சார்" என்கிறார்.